வலவனுக்கு ஒரு பெயர்

மித்தனி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவர் குதிரை பழக்குவதைத் தொழிலாகக் கொண்டவர். அவரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை இம்மூன்றே: பெயர், தொழில், நாடு. மூன்றையும் அவர் பெயரால் அமைந்த களிமண் ஏடுகளின் தொடக்கமே சொல்லிவிடுகிறது. அதன்பின் அவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. நான்கு ஏடுகள், 1080 வரிகள். அத்தனையும் குதிரையைப் பற்றியே. தேரில் பூட்ட வேண்டிய குதிரையை எவ்வாறு ஆயத்தம் செய்வது, இன்று எவ்வளவு தொலைவு ஓட்டுவது, எத்தனை பிடி தீனி வைப்பது, எப்போது தண்ணீர் காட்டுவது, எப்போது காட்டக் கூடாது என்று நாள்வாரியாக எழுதப்பட்ட குறிப்புகள் அவை.

ஏடுகள் கிடைத்த இடம் துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள பொகாஸ்கொய், இன்றைய பெயரில் பொகாஸ்கலே. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் அது ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துசா. 1906ஆம் ஆண்டு அங்கே ஹூகோ விங்க்ளரும் தியோடர் மக்ரிதியும் அகழாய்வைத் தொடங்கியபோது ஆப்பெழுத்து பொறித்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. எழுத்தைப் படிக்க முடிந்தது, மொழி விளங்கவில்லை. 1915இல் செக் நாட்டு அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அம்மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். அதே ஹ்ரோஸ்னி 1931இல் கிக்குலியின் ஏடுகளைப் பற்றி எழுதினார். 1961இல் அன்னலீஸ் கம்மன்ஹூபர் ஹிட்டைட் குதிரை நூல்கள் அனைத்தையும் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். மூலம் கி.மு. 1400ஐ ஒட்டியது என்பர். நன்கு எஞ்சியிருக்கும் நான்கு ஏடுகளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட படிகள். அதாவது கிக்குலி மறைந்து பல தலைமுறைகளுக்குப் பின்னும் ஹத்துசாவின் எழுத்தர்கள் இதைப் படியெடுக்கத் தகுந்த நூலாகக் கருதியிருக்கிறார்கள். குதிரையேற்றம் பற்றிக் கிரேக்க செனபோன் எழுதியது இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது.

நூல் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் ஒரு சோதனை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். தாங்காத குதிரை அப்போதே தெரிந்துவிடும். அதன்பின் ஏறத்தாழ ஏழு மாதம் தொடர்கிறது பயிற்சி. தொலைவுக்கு இரண்டு அளவுகள் உண்டு. சீரான ஓட்டத்துக்குத் தன்னா என்னும் பேரளவு. மெசபடோமியக் கணக்கில் அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர், கிக்குலி கருதியது அதனினும் சிறியது என்று வாதிடுவோரும் உண்டு. நாலுகால் பாய்ச்சலுக்கு இக்கு என்னும் வயல் அளவு. தொடக்கத்தில் பாய்ச்சல் சில வயல்களின் நீளம் மட்டுமே. மாதங்கள் செல்லச் செல்ல அது கூடுகிறது. கூடினாலும் ஒரே மூச்சில் கூடுவதில்லை. பாய்ச்சலின் இடையிடையே ஆசுவாசம் தரப்படுகிறது. இன்று ஓட்டப் பந்தய வீரர்களுக்கு இடைவெளிப் பயிற்சி என்று சொல்லித் தருகிறார்களே, அதன் சாயலை இந்தக் களிமண் ஏட்டில் காணலாம்.

ஓட்டம் முடிந்ததும் குதிரையை அவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவதில்லை. வியர்வை ஆற நடத்துகிறார்கள். ஆற்றில் கழுவுகிறார்கள், சில நாட்களில் ஒரு முறைக்கு மேல். எண்ணெய் தேய்த்து உருவுகிறார்கள். கம்பளி போர்த்துகிறார்கள். சில வேளைகளில் போர்வையிலேயே வியர்க்கவிட்டு, பின்பு உப்பு நீர் ஒரு வாளியும், முளைவிட்ட வாற்கோதுமை ஊறிய நீர் ஒரு வாளியும் வைக்கிறார்கள். தீனி வாற்கோதுமை, உலர்ந்த புல், பதர். அளவு பிடிக் கணக்கு. நம் வீடுகளில் அரிசி அளந்த அதே கைப்பிடி. தீனி இல்லாத இரவுகளில் குதிரை தன் படுக்கைப் புல்லைத் தின்றுவிடாதிருக்க வாய்க்கூடை மாட்டுகிறார்கள். போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடை கட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவு ஓட்டமும் உண்டு. போர் பகலில் மட்டும் வருவதில்லையே.

நூல் வாசிப்பதற்கு இனியது என்று சொல்ல மாட்டேன். ஒரே வகை வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன: பூட்டு, ஓட்டு, அவிழ், கழுவு, தீனியிடு, கட்டு. இலக்கியம் தேடிச் செல்பவர் ஐம்பது வரிகளில் திரும்பிவிடுவார். என்னைப் பொறுத்தவரை அந்தச் சலிப்பில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. குதிரையின் நிறம் பற்றியோ குலம் பற்றியோ அதில் பேச்சில்லை. நம்மிடையே குதிரை நூல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுழி பார்ப்பது. நகுலன் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. எந்த இடத்தில் சுழி இருந்தால் உடையவனுக்கு என்ன நேரும் என்பது அத்தகைய நூல்களில் பெரிய பகுதி. கிக்குலிக்கு அந்தக் கவலை இல்லை. நல்ல குதிரையைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. கையில் இருக்கும் குதிரையை இத்தனை நாளில் இவ்வாறு ஆக்கலாம் என்கிறார்.

1991இல் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நைலண்ட் இம்முறையை அரேபியக் குதிரைகளைக் கொண்டு செய்து பார்த்தார். தொடக்கக் கட்டங்களில் குதிரையின் மேல் பாரம் ஏற்றாமல், பக்கத்தில் கூட்டிக்கொண்டே ஓடவிட வேண்டும் என்பது அவருடைய வாசிப்பு. மூட்டும் தசைநாரும் வலுப்பெறும் முன் பாரம் ஏற்றினால் குதிரை நொண்டிவிடும். இக்கால முறைகளைவிடக் கிக்குலியின் முறை சிறந்தது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு ஹிட்டைட் வினைச்சொல்லுக்கு அவர் கொண்ட பொருளை மொழியியலார் எல்லாரும் ஏற்கவில்லை. இருந்தாலும் ஏட்டை ஏடாக மட்டும் வைத்துப் பேசாமல் குதிரைமேல் வைத்துப் பார்த்தாரே, அது பாராட்டுக்குரியது.

இத்தனை மாதங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடை தேரின் அமைப்பில் இருக்கிறது. ஆரக்கால் வைத்த இலேசான தேர் ஏறத்தாழ கி.மு. 2000இல் யூரல் மலைகளுக்குத் தெற்கே சிந்தஷ்தாப் பண்பாட்டில் தோன்றியது. பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2021இல் வெளியான பெரும் ஆய்வு, இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர் வால்கா-தான் ஆறுகளின் புல்வெளியிலிருந்து பரவியவை என்றும், முதுகு வலிமையோடும் சாந்த குணத்தோடும் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன என்றும் காட்டியது. சாந்தமான குதிரை கிடைத்துவிட்டால் மட்டும் தேர் ஓடிவிடாது. ஒரு தேருக்கு இரண்டு குதிரைகள். நடுவே ஓர் ஏர்க்கால். குறுக்கே ஒரு நுகம். ஒரு குதிரை ஒரு கணம் பிந்தினாலும் நுகம் சாய்ந்து, ஏர்க்கால் திரும்பி, மேலே வில்லை வளைத்து நிற்பவன் தடுமாறுவான். இரண்டு குதிரைகளுக்கும் ஒரே மூச்சு, ஒரே எட்டு வாய்க்க வேண்டும். சவாரிக் குதிரையின் மீது இருப்பவன் முழங்காலாலும் உடற்பாரத்தாலும் அதனோடு பேசுகிறான். தேரோட்டிக்கு வாரும் குரலும் சாட்டையும்தான் உண்டு.

நுகத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நம் மாட்டுக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதன் முன்னால் இயல்பாக அமர்ந்துகொள்ளும், பூட்டாங்கயிறு அதை விலகாமல் பிடித்துக்கொள்ளும். குதிரைக்குத் திமில் இல்லை. மாட்டு நுகத்தை அப்படியே வைத்தால் அது நழுவும். நழுவாதிருக்க முன்கழுத்தில் இறுக்கிக் கட்டினால் வார் குரல்வளையை அழுத்தும். பிரெஞ்சுப் படை அதிகாரியாயிருந்து ஓய்வுபெற்ற லெஃபெவ்ர் தெ நொயெத் 1910இல் இவ்வாறு ஒரு பூட்டைச் செய்து பரிசோதித்து, பண்டைய உலகம் முழுவதும் தன் குதிரைகளை மூச்சுத் திணறவே ஓட்டியது என்று முடிவு கட்டினார். 1931இல் வந்த அவருடைய நூல் இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்றது: குதிரையின் முழு வலிமையைப் பயன்படுத்தத் தெரியாததால்தான் பழைய உலகத்துக்கு அடிமைகள் தேவைப்பட்டனர், கழுத்துப்பட்டை வந்த பின்பே அந்தத் தேவை ஒழிந்தது. அழகான வாதம். ஒரு தோல்வார் வரலாற்றையே இழுத்துச் செல்கிறது. பல வரலாற்று நூல்களில் அது நெடுங்காலம் உண்மையாகவே உலவியது.

அது சரியன்று என்று காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. ழான் ஸ்ப்ருய்த் குதிரை ஓட்டத் தெரிந்தவர். பழைய தேர்களையும் பூட்டுகளையும் தாமே செய்து, குதிரைகளைப் பூட்டி ஓட்டிப் பார்த்து, 1977இல் முடிவுகளை வெளியிட்டார். எகிப்தியத் தேர்களில் நுகத்தின் இரு முனைகளிலும் கவிழ்த்த கவை போன்ற ஒரு மரச்சேணம் உண்டு. 1922இல் திறக்கப்பட்ட துத்தன்காமுனின் கல்லறையில் ஆறு தேர்கள் இருந்தன, அவற்றோடு இத்தகைய கவைகளும் கிடைத்தன. அந்தக் கவையின் இரு கால்களும் குதிரையின் தோள்களில் படிகின்றன. இழுவை அங்கேதான் விழுகிறது. முன்கழுத்து வார் கவையை இடம் பெயராமல் நிறுத்தும் அளவுக்கே. வேறுவேறு காலத்துக்குரிய இரண்டு பூட்டுமுறைகளை ஒன்றாகக் கலந்து, எங்குமே இல்லாத மூன்றாவதொன்றைச் செய்து, அதைத்தான் லெஃபெவ்ர் பரிசோதித்திருந்தார். பாரவண்டிக்குக் கழுத்துப்பட்டை பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழு மாதம் ஒரு குதிரையைக் கழுவி, உருவி, மூச்சு ஆற நடத்தியவர்கள் அதன் குரல்வளையை நெரித்துக்கொண்டே ஓட்டினார்கள் என்று நம்புவதற்கு, அவர்கள் தம் தொழில் அறியாதவர்கள் என்று முதலில் நம்ப வேண்டும்.

கிக்குலியின் புகழ் இந்தியாவுக்கு வந்தது வேறொரு வழியில். ஹிட்டைட் மொழியில் அமைந்த அந்நூலில் ஓட்டச் சுற்றுகளைக் குறிக்க ஐக வர்த்தன்ன, தேர வர்த்தன்ன, பன்ஸ வர்த்தன்ன, சத்த வர்த்தன்ன, நா வர்த்தன்ன என்று ஐந்து சொற்கள் வருகின்றன. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்றுகள். வடமொழி படித்தவர் செவிக்கு இவை அந்நியமாக ஒலிக்கமாட்டா. அவர் தம் தொழிலுக்குச் சொல்லும் அஸ்ஸுஸ்ஸன்னி என்ற பெயரிலும் அசுவத்தைக் காண்பர். ஹிட்டைட் மன்னன் சுப்பிலுலியுமாவுக்கும் மித்தனி மன்னன் சத்திவாசனுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றனர். துஷ்ரத்த என்ற மித்தனி மன்னன் பெயரில் ரதம் ஓடுகிறது என்றும் பொருள் கொள்வர்.

இதை வைத்துக்கொண்டு இரு தரப்பிலும் நடக்கும் ஆரவாரத்தை வாசகர்கள் அறிவார்கள். அனதோலியா வரை பரவிய வேத நாகரிகம் என்று ஒரு கூட்டம். ஆரியர் வந்த வழியில் போட்டுவிட்டுப் போன சுமைதாங்கிக் கல் என்று மறு கூட்டம். மித்தனியின் மக்கள் பேசியது ஹுரிய மொழி. கிக்குலி என்ற பெயரும் ஹுரியப் பெயராகவே கொள்ளப்படுகிறது. ஹுரியப் பெயருடைய ஒருவர், இந்தோ-ஆரியக் கலைச்சொற்களோடு, ஹிட்டைட் மொழி நூலொன்றில் பேசுகிறார். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நம் குதிரைச் சொற்களை எண்ணிப் பாருங்கள். லகான் பாரசீகம். சவாரி பாரசீகம். ஜீனி பாரசீகம். சவுக்கும் அவ்வழி வந்ததே. முல்லைப்பாட்டில் பாசறை யவனர் வைத்திருக்கும் மத்திகை என்ற சாட்டை கிரேக்கச் சொல் என்பர். ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் ஊர்த் தெருக்களில் ஜட்கா ஓட்டியவர், பாரசீகச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு தமிழில்தான் பேசினார். சொல் தொழிலோடு வருகிறது. தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் வாயிலிருந்து வருகிறது. மித்தனியில் யாரோ யாரிடமோ தேர்க்குதிரை பழகக் கற்றிருக்கிறார்கள், கற்பித்தவரின் எண்ணுப்பெயர்கள் சுற்றுப்பாதையில் தங்கிவிட்டன. ஏடு இதற்கு மேல் சொல்லவில்லை.

எனக்கு அந்தச் சொற்களைவிட வியப்பளிப்பது முதல் வரியில் உள்ள பெயர். தேரைப் பாடிய இலக்கியங்களில் தேரோட்டிக்கு என்ன இடம் என்று பார்த்தால் காரணம் விளங்கும். பாரதத்தில் கர்ணனைக் குத்த வேண்டுமென்றால் தேரோட்டி மகன் என்றால் போதும். அவனுக்குத் தேரோட்டச் சல்லியனைக் கேட்டபோது, மன்னனான தன்னைச் சூதன் வேலைக்கு அழைப்பதா என்று அவன் சீறுகிறான். நளன் குதிரையின் உள்ளம் அறிந்தவன். அந்த அறிவு உலகுக்குப் பயன்படுவது அவன் நாடிழந்து, உருவிழந்து, வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனிடம் கூலிக்குச் சேர்ந்த பிறகுதான். கண்ணன் தேரோட்டியதைக் கீழிறங்கி வந்த கருணையாகக் கொண்டாடுவதும் இந்த மதிப்பீட்டின் மறுபக்கமே.

கி.மு. 1274இல் ஓரன்டீஸ் ஆற்றங்கரையில் காதேசுப் போர் நடந்தது. எகிப்தியர் கணக்குப்படி ஹிட்டைட்டுகளின் 2500 தேர்கள் இரண்டாம் ராம்சேசைச் சூழ்ந்துகொண்டன. ஓடிப்போன தன் படையைக் கடிந்துகொள்ளும் ராம்சேஸ், தன்னோடு நின்றவை தன் இரு குதிரைகளே என்று அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். ஒன்றின் பெயர் தீப்சில் வெற்றி. மற்றதன் பெயர் மூத் தெய்வம் மகிழ்ந்தாள். இனி நாள்தோறும் தன் முன்னிலையில் தானே தீனியிடுவதாகவும் சொல்கிறான். உடன் நின்ற மென்னா என்பவனுக்கும் பெயர் உண்டு. ஆனால் எதிரிகளைக் கண்டு அவன் நடுங்கியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரு குதிரைகளையும் மாதக்கணக்கில் ஒரே நுகத்துக்குப் பழக்கியவன் யார் என்பது மட்டும் கல்வெட்டில் இல்லை. மறுபுறம் நின்ற ஹிட்டைட்டுகளின் தலைநகரில், கிக்குலியின் பெயரோடு அவர் நூல் படியெடுக்கப்பட்ட நூற்றாண்டும் அதுவே.

நம் முல்லைப் பாடல்கள் இந்த வகையில் சற்றுப் பெருந்தன்மையானவை. வினை முடித்துத் திரும்பும் தலைவன் பேசுவது பெரும்பாலும் பாகனோடு. அகநானூறு 384இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தலைவன், தேரில் ஏறியது மட்டுமே தெரியும், வந்த வழி தெரியவில்லை என்கிறான். வீட்டு வாசலில் இறங்கச் சொன்ன வலவனிடம், காற்றைத்தான் பூட்டினாயோ, உன் மனத்தையே குதிரை வடிவில் பூட்டினாயோ என்று கேட்கிறான். கேட்டதோடு நில்லாமல் அவனை மார்போடு தழுவி, வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறான். தலைவிக்கு அன்று விருந்து வாய்க்கிறது. உலக இலக்கியத்தில் ஒரு தேரோட்டிக்குக் கிடைத்த மிகச் சிறந்த மரியாதைகளுள் இது ஒன்று என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அங்கும் அவன் பெயர் வலவன்தான். அகத்திணையில் தலைவனுக்கே பெயர் கூடாது என்ற மரபு இருக்க, வலவனுக்குக் கேட்பது மிகை என்பதும் தெரியும். அவன் குதிரைக்கு என்ன தீனி வைத்தான் என்பதையாவது யாரேனும் ஓலையில் எழுதியிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல்வழி வந்த பொருள். காவிரிப்பூம்பட்டினத்தில் கலத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பணியில் செலவிட, இறைவன் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்த கதையின் பின்னணியும் இந்த வணிகமே. அது உச்சத்தில் இருந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிற்காலப் பாண்டியர் ஆட்சியில். தேர்க்குதிரையின் காலம் எப்போதோ போய்விட்டது. இவை படைவீரர் ஏறும் குதிரைகள். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் சொல்வதன்படி, கிஷ் தீவின் ஆட்சியாளர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கட்டி, வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்களாம். பயிற்சி ஏதுமின்றி அப்படியே ஏறினார்களாம். சிறிது காலத்தில் அந்தக் குதிரைகள் ஒன்றுக்கும் உதவாமல் போயினவாம். அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோவும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கு இல்லை, குதிரை மருத்துவர் எவரும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் சேர்க்கிறார்.

இருவர் எழுத்திலும் அயலாரின் ஏளனம் இருக்கிறது. இருவர் காதிலும் விழுந்தது விற்றவர்களின் பேச்சு. எண்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் கணக்கு வலிக்கவே செய்கிறது. ஹத்துசாவின் ஏடு ஏழு மாதம் பேசிய இடத்தில் இங்கே நாற்பது நாள் கொழுப்பேற்றல். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார் என்கிறார் வசாஃப். வழியில் கடலில் இறந்துபோன குதிரைகளுக்கும் பாண்டியன் கருவூலம் அதே விலையைக் கொடுத்தது.